பல்கலைக்கழக சர்வர் ரூமும் கிளவுடும்: எதை எங்கே வைப்பது, எந்த வரிசையில் தொடங்குவது

தமிழ்நாட்டில் இணைவுக் கல்லூரிகளை வைத்திருக்கும் எந்தப் பல்கலைக்கழகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தின் பெரும்பாலான நாள்களில் அதன் சர்வர்களுக்குப் பெரிய வேலை இருக்காது. செமஸ்டர் முடிவு வெளியாகும் நாளில் மட்டும் லட்சக்கணக்கான மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறப்பார்கள். ஹால் டிக்கெட் வரும் நாள், தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று இன்னும் நாலைந்து நாள்கள் இப்படி வரும். அந்த நாள்களுக்காகப் பெரிய சர்வர் வாங்கினால் மீதி நாளெல்லாம் அது கரண்ட்டைத் தின்றுகொண்டு நிற்கும். வாங்காவிட்டால் அன்றைக்குத் தளம் படுத்துவிடும்.

அதே கட்டடத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் படித்தவர் வெளிநாட்டு வேலைக்காகச் சான்றிதழ் சரிபார்ப்புக் கேட்டு வருவார். அவருடைய மதிப்பெண் அன்று பதிவானபடியே இருக்க வேண்டும். இதற்கு வேகம் முக்கியமில்லை. யாரும் கை வைக்காமல், எந்தத் தணிக்கைக்கும் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வேலைக்கும் ஒரே இடம் பொருந்தாது. அதனால்தான் வளாகத்திலேயே சில சர்வர்களை வைத்துக்கொண்டு, சிலவற்றை மட்டும் கிளவுடில் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வர்களில்) ஓட்டி, இரண்டையும் இணைக்கும் ஹைபிரிட் முறைக்குப் பல்கலைக்கழகங்கள் வருகின்றன. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட கிளவுட் வரையறையிலேயே ஹைபிரிட் ஒரு தனி வகையாக இடம்பெற்றுவிட்டது.

கணினி மையத்தில் புதிதாகச் சேர்ந்த சிஸ்டம் அனலிஸ்ட், புரோகிராமர், அல்லது 'கிளவுடுக்குப் போக ஒரு அறிக்கை தயார் பண்ணுங்கள்' என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வாங்கிய உதவிப் பேராசிரியர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனத்தின் கிளவுட், எத்தனை கோர், எவ்வளவு ரேம் என்ற கேள்விகளெல்லாம் பிறகு வரட்டும். ஒவ்வொரு தகவலுக்கும் அசல் எங்கே இருக்கிறது, அதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு முதலில் எழுத்தில் பதில் வேண்டும். இதை முடிவு செய்யாமல் தொடங்கினால், ஒரே மாணவருக்கு வளாகத்தில் ஒரு மதிப்பெண்ணும் கிளவுடில் வேறொரு மதிப்பெண்ணும் நிற்கும் நாள் கட்டாயம் வரும்.

முதல் படி: பிரிவு பிரிவாகப் போய்ப் பட்டியல் எடுங்கள்

சர்வர் ரூமில் இருக்கும் பெட்டிகளை எண்ணினால் பட்டியல் வராது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், சேர்க்கைப் பிரிவு, நிதிப் பிரிவு, பணியாளர் பிரிவு, உதவித்தொகைப் பிரிவு, விடுதி அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், அங்கே வேலை பார்க்கும் உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திரையில் என்னென்ன திறக்கிறார் என்று பாருங்கள். கணினி மையத்துக்குத் தெரியாத எக்ஸெல் கோப்புகள், யாரோ முன்னாள் மாணவர் எழுதிக் கொடுத்த சின்ன மென்பொருள், ஒரு கண்காணிப்பாளரின் சொந்த மின்னஞ்சலில் மட்டும் இருக்கும் பட்டியல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஒவ்வொரு சேவைக்கும் எதிரில் சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அசல் தரவு எங்கே, யார் திருத்தலாம், எந்த நாள்களில் கூட்டம், எத்தனை மணி நேரம் நின்றால் பொறுக்கலாம், எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) யாரிடம், அது எப்போது முடிகிறது. இந்தப் பட்டியலுக்கு நேரம் கொடுங்கள். பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும்.

மாணவர் பெயரை மட்டும் ஒருமுறை கவனியுங்கள். சேர்க்கைப் பிரிவில் இனிஷியல் முன்னால் இருக்கும். தேர்வுப் பிரிவில் பின்னால் இருக்கும். உதவித்தொகைப் பிரிவில் ஆதாரில் உள்ளபடி அப்பா பெயரே முழுதாக இருக்கும். வளாகத்துக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவரை இது பெரிய சிக்கலாக இருந்திருக்காது. இன்றைக்கு மதிப்பெண் பட்டியல்கள் டிஜிலாக்கர் வழியாகத் தேசியக் கல்விசார் ஆவணக் களஞ்சியத்துக்குப் போகின்றன, கிரெடிட்டுகள் 2021-இல் தொடங்கிய கிரெடிட் வங்கிக்குப் போகின்றன. அங்கே பெயரும் பிறந்த தேதியும் பொருந்தாவிட்டால் மாணவர் கணக்கில் எதுவும் சேராது. அதனால் பெயருக்கு அசல் எந்தப் பிரிவு என்று பதிவாளர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வாங்கிவிடுங்கள். மற்ற பிரிவுகள் அதிலிருந்து படித்துக்கொள்ளட்டும், தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

வளாகத்திலேயே இருக்க வேண்டியவை முதல் குவியல். மதிப்பெண் பதிவேட்டின் அசல், விடைத்தாளின் டம்மி எண்ணையும் (திருத்துபவருக்கு மாணவர் யாரென்று தெரியாமலிருக்கப் போடும் மாற்று எண்) மாணவரின் பதிவெண்ணையும் இணைக்கும் பட்டியல், சம்பளக் கணக்கு, பணிப்பதிவேடு ஆகியவை இதில் வரும். இவற்றைத் திருத்துபவர்கள் சிலர்தான், அவர்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய வினாத்தாள்களை இந்தத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம் என்பேன். அவற்றுக்குத் தனி நடைமுறையும் தனிப் பொறுப்பும் இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும்.

கிளவுடில் இருக்கத் தக்கவை இரண்டாம் குவியல். பல்கலைக்கழக இணையதளம், முடிவு காட்டும் பக்கம், விண்ணப்பப் படிவங்கள், ஹால் டிக்கெட் பதிவிறக்கம், மின்னஞ்சல். வெளியிலிருந்து கூட்டம் வருவதும், சில நாள்களில் மட்டும் பெருகுவதும் இவற்றின் இயல்பு.

நாமே ஓட்டத் தேவையில்லாதவை மூன்றாவது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவாகி மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டமாகப் பல நிறுவனங்களுக்குப் போயிருக்கும் சமர்த் போன்ற தொகுப்புகள் விடுப்பு, கொள்முதல், கோப்பு நகர்வு போன்ற பொதுவான வேலைகளைச் செய்கின்றன. விடுப்பு விண்ணப்பத்துக்காக ஒரு மென்பொருளை மறுபடி முதலிலிருந்து எழுதுவது வீண்.

ஒரு மென்பொருளின் முகப்பைக் கிளவுடிலும் அதன் தரவுத்தளத்தை வளாகத்திலும் பிரித்து வைக்கும் யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். பாதுகாப்பும் ஆச்சு, வேகமும் ஆச்சு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளாகம் சென்னையிலும் கிளவுட் மும்பையிலும் இருந்து, ஒரு கேள்வி போய்ப் பதில் வர 25 மில்லி விநாடி ஆகிறது என்று வைப்போம். பழைய மென்பொருள்கள் ஒரு பக்கத்தைக் காட்டவே தரவுத்தளத்திடம் 200 கேள்வி கேட்கும். ஒன்றன்பின் ஒன்றாக 200 கேள்வி என்றால் 5 விநாடி. ஒருவருக்கே 5 விநாடி என்றால் கூட்டம் வரும் நாளில் நிலைமை என்ன ஆகும்? போதாததற்கு வளாகத்து இணைப்பு அறுந்தால் கிளவுடில் இருக்கும் முகப்பும் செத்துவிடும். ஆகவே ஒரு சேவையை நகர்த்தினால் முழுதாக நகர்த்துங்கள். அல்லது அதற்குத் தேவையான நகலை மட்டும் அங்கே அனுப்புங்கள்.

மூன்றாம் படி: இணைப்பு

தேசிய அறிவு வலையமைப்பு 2010 முதல் பல்கலைக்கழகங்களை இணைத்து வருகிறது. பல இடங்களில் 1 ஜிகாபிட் இணைப்பு இருக்கிறது. அதை மட்டும் நம்பாமல், வேறு நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பும் வேண்டும். இரண்டும் ஒரே குழியில் ஒரே கேபிள் பாதையில் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாலை தோண்டும்போது இரண்டும் சேர்ந்தே அறுந்தால் இரண்டு வைத்துப் பயனில்லை.

கிளவுடில் கணக்குத் திறந்த அன்றே ஒரு வேலை இருக்கிறது: ஐபி முகவரித் திட்டம், அதாவது வலையமைப்பில் எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற ஒதுக்கீடு. பல வளாகங்களில் ஒவ்வொரு துறையும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே போட்டு வைத்திருக்கும். கிளவுட் பக்கமும் அதே முகவரி வந்துவிட்டால் இரண்டையும் விபிஎன் (இணையத்தின் வழியே போடும் பூட்டிய தனிப் பாதை) மூலம் இணைக்கும்போது எந்தப் பாக்கெட் (தரவுத் துண்டு) எங்கே போவது என்று தெரியாமல் எல்லாம் சிக்கிக்கொள்ளும். வளாகத்துக்கு 10.10, கிளவுடுக்கு 10.50 என்பதுபோல மோதாத எண் வரிசைகளை ஒதுக்கி எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் சர்வரைத் திறக்க வேண்டும். பிறகு மாற்றுவது வலிக்கும்.

இணைப்பின் திசை எல்லாவற்றையும்விட முக்கியம். வளாகத்து சர்வர் கிளவுடுக்கு அனுப்பும், கிளவுடில் காத்திருப்பதை எடுத்து வரும். கிளவுடிலிருந்து எதுவும் வளாகத்துத் தரவுத்தளத்தின் கதவைத் தட்டக் கூடாது. வலையமைப்பின் காவல் வாசலான ஃபயர்வாலில் உள்ளே வரும் வழியையே திறக்காமல் விட்டால், வெளியே இருக்கும் இணையதளத்தை யாராவது உடைத்தாலும் மதிப்பெண் அசல் வரை வர அவர்களுக்குப் பாதை கிடைக்காது.

நான்காம் படி: முதலில் போக வேண்டியது பேக்கப்

பெரும்பாலோர் இணையதளத்தைத்தான் முதலில் கிளவுடுக்கு நகர்த்துவார்கள். நான் பேக்கப்பில், அதாவது தரவின் காப்பு நகலில், தொடங்கச் சொல்வேன். ஓடிக்கொண்டிருக்கும் எந்தச் சேவையையும் அது தொடாது, தவறு நடந்தாலும் மாணவருக்குப் பாதிப்பில்லை, கணினி மையத்து ஆட்களுக்குக் கிளவுடில் கை பழகும்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்பது பழைய விதி. இன்றும் அதுதான் நிற்கிறது. வெளியூர் என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் அழுத்திப் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என ஒவ்வொரு முறையும் மின்சாரமும் இணையமும் நகர் முழுக்கச் சேர்ந்தே போயின. மைக்ரோசாஃப்ட் அஸூரின் தென்னிந்திய மையம் சென்னையில்தான் இருக்கிறது. சென்னையில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் தன் ஒரே வெளி நகலை அங்கே வைத்தால் அது உள்ளூர் நகல்தான். புனேயில் அஸூர், மும்பையிலும் ஐதராபாத்திலும் அமேசான், மும்பையிலும் டெல்லியிலும் கூகுள் என்று வேறு ஊர்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, அந்த நகலை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்ட வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பரில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்கும் நிரல்) புகுந்தது. சில பேக்கப் சர்வர்களும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. கடைசியில் சுமார் 2 லட்சம் யூரோ பணயம் கொடுத்துத்தான் மீண்டார்கள். கிளவுட் சேமிப்பகங்களில் ஆப்ஜெக்ட் லாக் என்றொரு வசதி உண்டு. 30 நாள் என்று பூட்டினால், அதை அழிக்க முடியாதபடி வைக்கும் கண்டிப்பான முறையில் நிர்வாகியின் கடவுச்சொல் திருடு போனாலும் 30 நாளுக்கு அழிக்க முடியாது. அந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்தது வேறு விதம். சேவை நிறுவனம் மாற்றியமைத்த பேக்கப் நிரலில் இருந்த பிழையால் சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் அளவுக்கு, ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. சில ஆராய்ச்சிக் குழுக்களுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. காக்க வந்த நிரலே அழித்துவிட்டது. கிளவுடில் இருந்தால் இது நடக்காது என்று யாராவது சொன்னால் 2024 மே மாதத்தை நினைவூட்டுங்கள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான யூனிசூப்பர் கூகுள் கிளவுடில் ஓடியது. அமைக்கும்போது ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால் அங்கே அதற்கென இருந்த தனிக் கிளவுட் ஒன்று முழுதாக அழிந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். வேறொரு நிறுவனத்திடம் தனியாக பேக்கப் வைத்திருந்ததும் அவர்கள் மீள உதவியது. எனவே வளாகத்தில் ஒரு நகல், கிளவுடில் ஒரு நகல் என்று இரண்டையும் வெவ்வேறு நிரல், வெவ்வேறு கடவுச்சொல், முடிந்தால் வெவ்வேறு ஆள் பொறுப்பில் வையுங்கள்.

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் எழுதாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு காலி சர்வரில் மதிப்பெண் தரவுத்தளத்தை முழுதாக இறக்கி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலக உதவியாளர் ஒருவரை அழைத்து, அவர் கையிலிருக்கும் பழைய மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2 டெராபைட்டை 100 மெகாபிட் இணைப்பில் இறக்க ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். 1 ஜிகாபிட்டில் நாலரை மணி நேரம். துணைவேந்தர் 'எப்போது சரியாகும்' என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பேக்கப்பைப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவியை (பூட்டைத் திறக்கும் ரகசிய எழுத்து வரிசையை)க் காகிதத்தில் அச்சிட்டு, உறையிட்டு, பதிவாளரின் இரும்புப் பெட்டியில் ஒரு பிரதி வையுங்கள். எந்த சர்வர் அழிந்தால் சாவி தேவைப்படுமோ அதே சர்வரில் சாவியை வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

ஐந்தாம் படி: தேர்வு முடிவுப் பக்கம்

பேக்கப் பழகிவிட்டால் அடுத்து இதை எடுங்கள். ஹைபிரிட் முறையின் பலன் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடம் இதுதான், வேலையும் அளவானது.

பழைய முறையில், மாணவர் பதிவெண்ணைத் தட்டினால் இணையதளம் நேரே தரவுத்தளத்திடம் கேட்கும். ஒரு லட்சம் பேர் தட்டினால் ஒரு லட்சம் முறை கேட்கும். ஆனால் முடிவு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்டபின் மாறப்போவதில்லை, மறுமதிப்பீடு வரை அது அப்படியேதான் இருக்கும். மாறாத ஒன்றை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவானேன்? ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சின்னக் கோப்பு செய்துவிட்டால் போதும். 2 லட்சம் மாணவர், ஆளுக்கு 2 கிலோபைட் என்றால் மொத்தமே 400 மெகாபைட். கிளவுட் சேமிப்பகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

நடைமுறை இப்படிப் போகும். ரிசல்ட் பாசிங் போர்டு கூடி முடிவுகளை அங்கீகரிக்கிறது. அதன் பிறகே வளாகத்தில் ஏற்றுமதி நிரல் ஓட வேண்டும். அது அசலிலிருந்து படித்து, மாணவருக்கு ஒரு கோப்பு எழுதி, கிளவுடில் பொதுமக்களுக்குத் திறக்காத ஓர் இடத்துக்கு அனுப்பும். அனுப்பியதும் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும்: தேர்வு எழுதியவர்கள், நிறுத்தி வைக்கப்பட்ட முடிவுகள், போன கோப்புகள் மூன்றும் பொருந்த வேண்டும். பாடவாரியாகத் தேர்ச்சி எண்ணிக்கையையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். பின்னர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தார் தாங்களே தேர்ந்தெடுத்த ஐம்பது அறுபது பதிவெண்களைத் தட்டிப் பார்க்கட்டும். அதில் அரியர் வைத்தவர், தேர்வுக்கு வராதவர், முறைகேட்டில் சிக்கி முடிவு நிறுத்தப்பட்டவர், பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர் எல்லா வகையும் இருக்க வேண்டும். பிழை ஒளிந்திருப்பது எப்போதும் இந்த ஓரங்களில்தான். ஒப்புதல் கையெழுத்து வந்தபின், குறித்த நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் பக்கம் திறந்துவிடும்.

கோப்புக்குப் பதிவெண்ணையே பெயராக வைத்துவிடாதீர்கள். பதிவெண்கள் வரிசையாக வருபவை. ஒரு சின்ன நிரல் எழுதி ஒரு கல்லூரி முழுக்க உள்ள முடிவுகளை யாரும் அள்ளிவிடலாம், அதில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அரியரும் இருக்கும். பதிவெண், பிறந்த தேதி, பல்கலைக்கழகம் மட்டும் அறிந்த ஒரு ரகசியச் சொல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஹேஷ் எண்ணை (அதிலிருந்து மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாத எண்ணை)ப் பெயராக வையுங்கள். அந்தக் கணக்கைச் செய்யும் சின்னச் செயலி கிளவுடில் இருக்கட்டும், மாணவரின் பிரவுசருக்குள் ரகசியச் சொல் போகக் கூடாது. ஒரே இடத்திலிருந்து விடாமல் கேட்பவர்களுக்கு வேகக் கட்டுப்பாடு போடுங்கள். ஆனால் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் 300 பேரும் ஒரே வெளி ஐபி முகவரியிலிருந்துதான் வருவார்கள். கட்டுப்பாட்டை அதற்கேற்ப வைக்காவிட்டால் கல்லூரியே தடைபட்டுப்போகும்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறினால் அசலில் திருத்தி, மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும். அவசரமாக இருக்கிறதே என்று கிளவுடில் இருக்கும் கோப்பை நேரே திருத்தும் அனுமதி யாருக்கும், கணினி மையத்து இயக்குநருக்கும்கூட, இருக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுவது கட்டணம். மாணவர் பணம் கட்டியதும் வங்கியின் பேமென்ட் கேட்வே 'பணம் வந்தது' என்று நம் சர்வருக்குச் செய்தி அனுப்பும். அந்த நிமிடம் வளாகத்தில் கரண்ட் இல்லாவிட்டால் பணம் பிடிக்கப்பட்டிருக்கும், நம்மிடம் பதிவு இருக்காது. மாணவர் கவலையில் இரண்டாம் முறையும் கட்டுவார். இந்தச் செய்தியைக் கிளவுடில் ஒரு கியூவில் (செய்திகள் காத்திருக்கும் வரிசையில்) வாங்கி வைத்துவிட்டு, வளாகத்து சர்வர் தானே வந்து எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். இருந்தாலும் நிதிப் பிரிவு தினமும் வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவதை நிறுத்தக் கூடாது.

ஆறாம் படி: யார் உள்ளே வரலாம்

வளாகத்துக்கு ஒரு கடவுச்சொல், கிளவுடுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்றால் ஊழியர்கள் எல்லாவற்றையும் மானிட்டரில் ஒட்டி வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே அடையாளத்தில் எல்லாம் திறக்கும்படி ஒற்றை உள்நுழைவு வேண்டும். கீக்ளோக் போன்ற திறமூல மென்பொருளே இதற்குப் போதுமானது. ஊழியர் பட்டியலுக்கு அசல் பணியாளர் பிரிவு. ஓய்வு பெற்றவர், வேறு பிரிவுக்கு மாறியவர், ஒப்பந்தம் முடிந்த தற்காலிக ஊழியர் என்று அங்கே பதிவானதும் உள்நுழைவும் தானாக மாற வேண்டும். மதிப்பெண்ணைத் தொடும் யாருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். பிரிவுக்கு ஒரு பொதுக் கணக்கு என்ற வழக்கத்தை ஒழியுங்கள், தவறு நடந்தால் யார் செய்தது என்று சொல்ல வழியிருக்காது, பழி பெரும்பாலும் இருப்பதில் இளையவர் தலையில் விழும். வளாகத்து இணைப்பு அறுந்த நேரத்திலும் கிளவுடுக்குள் நுழைய ஒரு அவசரக் கணக்கு தனியாக, உறையிட்டு, இருக்கட்டும்.

ஏழாம் படி: சட்டமும் பதிவுகளும்

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (யார் எப்போது என்ன செய்தார் என்ற தானியங்கிப் பதிவுகளை) 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும், கடிகாரங்கள் என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு நடந்தால் அந்த 6 மணி நேரத்துக்குள் யார் யாரை அழைப்பது என்று பெயரும் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். கடிகாரத்தில் ஒரு நுணுக்கம்: கிளவுட் லாக்குகள் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும், வளாகத்து லாக்குகள் இந்திய நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசம். காலை 9 மணிக்கு மதிப்பெண் மாறியதாக ஒன்றும் விடிகாலை 3.30 என்று இன்னொன்றும் சொன்னால், விசாரணைக் குழு முன் ஒரு நிரபராதி பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். எல்லாவற்றையும் ஒரே நேர முறையில் சேகரியுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் ₹250 கோடி வரை போகலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், மாற்றுத்திறன் சான்று என்று ஒரு மாணவர் நம்மிடம் கொடுப்பவை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். தேவைப்படாத நகலைக் கேட்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. சோதனைக்காகக் கிளவுடில் திறக்கும் சர்வரில் உண்மையான மாணவர் தரவைக் கொட்டவே கொட்டாதீர்கள், போலித் தரவு உருவாக்கிக்கொள்ளுங்கள். சோதனை சர்வரைத்தான் எல்லோரும் பூட்ட மறப்பார்கள்.

எட்டாம் படி: பணமும் கோப்பும்

நல்ல திட்டங்கள் பல நின்றுபோவது இங்கேதான். சர்வர் வாங்குவது மூலதனச் செலவு: ஒரு டெண்டர், ஒரு பில், ஒரு இருப்புப் பதிவேட்டு எண். கிளவுட் மாதாமாதம் மாறும் தொடர் செலவு. முடிவு வந்த மாதம் பில் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். தணிக்கையில் 'ஏன் ஏறியது' என்று கேள்வி வரும். ஆகவே மாத உச்சவரம்பு ஒன்றுக்கு முன்கூட்டியே சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) ஒப்புதலும் நிதி அலுவலர் ஒதுக்கீடும் வாங்கிவிட்டு, அந்த வரம்பில் பாதி, முக்கால் என்று தொடும்போதே எச்சரிக்கை வரும்படி கிளவுட் கணக்கில் அமையுங்கள். மதிப்பீட்டில் ஜி.எஸ்.டி.யையும், விலை டாலரில் இருந்தால் மாற்று விகித ஏற்றத்தையும் சேருங்கள். தரவை உள்ளே அனுப்பப் பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. பேக்கப்பை முழுதாகத் திரும்ப இறக்க என்ன ஆகும் என்றும் கேட்டு எழுதுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-க்குள்தான் வாங்க வேண்டும். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் சோதித்துப் பட்டியலிட்டிருக்கும் கிளவுட் நிறுவனங்களுக்குள் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்புத் தணிக்கை பற்றிய பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். ஒப்பந்தத்தில் தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் எந்த வடிவில் எத்தனை நாளில் தரவைத் திருப்பித் தருவார்கள், அழித்ததற்குச் சான்று தருவார்களா என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். இலவசம் என்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாச் சேமிப்பு கொடுத்துவந்த கூகுள், 2021-இல் அறிவித்து 2022 முதல் நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. இடத்தைக் காலி செய்ய உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் ஓடின. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்ற திறமூல மென்பொருள் போன்ற பொதுவான ஒன்றில் இருந்தால் வீடு மாறுவது எளிது. ஒரு நிறுவனத்துக்கே உரிய வசதிகளில் எல்லாவற்றையும் கட்டினால் விலை ஏறும்போது பேசிப் பார்க்கவும் பிடி இருக்காது.

முடிவு வெளியான மறுநாள்

கூட்டம் குறைந்ததும் கூடுதலாகத் திறந்த சர்வர்களை மூடுங்கள். தானாகச் சுருங்கும்படி அமைத்திருந்தாலும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், மறந்துபோன டிஸ்க்குகளும் ஸ்னாப்ஷாட்டுகளும் (டிஸ்க்கின் அந்தந்த நேரத்து நகல்கள்) மாதக்கணக்கில் பில்லில் வந்துகொண்டிருக்கும். அந்த நாளின் லாக்கிலிருந்து உச்ச நிமிடத்தில் எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனைக்குப் பதில் கிடைக்கவில்லை என்று எடுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒரே பக்கத்தில் கொடுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு முடிவுப் பக்கம் தேவையில்லை என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். மறுமதிப்பீட்டு முடிவும் வெளியாகி அந்தத் தேதி தாண்டியதும் கிளவுடில் இருக்கும் மாணவர் கோப்புகள் அனைத்தையும் அழித்து, அழித்த நாள், எண்ணிக்கை, அழித்தவர் பெயர் ஆகியவற்றைக் கோப்பில் பதிவு செய்துவிட்டு, அடுத்த செமஸ்டருக்கான ரகசியச் சொல்லைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.